இடிமழையும் புல் மகரந்தமும்: மெல்பேர்ண், 2016 நவம்பர் 21

இங்கே வசந்தம் தொடங்கும் செப்டெம்பர் பிறந்தால், ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரே பேச்சுத்தான். "தம்பி, ஒரு கிழமையா ஒரே தும்மல். தடிமன் போல கிடக்கு. ஏதாவது தாங்கோ." காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை. சளி கட்டியா, தண்ணியா? "பச்சைத் தண்ணி மாதிரி ஓடுது." கண் கடிக்கிறதா? அண்ணம் கடிக்கிறதா? "ஓம் தம்பி, நாக்கால சொறியவேணும் போல கிடக்கு." போன வருடமும் இதே மாதம் வந்ததா? இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு, "ஓம், வந்ததுதான்" என்பார்கள்.

தடிமன் வருடா வருடம் நாள் பார்த்து வராது. இது புல் மகரந்த ஒவ்வாமை. இங்கே ஹே ஃபீவர் என்பார்கள். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சுடாது. ஹே என்றால் வைக்கோல், ஆனால் வைக்கோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காற்றில் வரும் புல் மகரந்தத்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையில் உடம்பு வெளியிடும் ஹிஸ்டமின் என்ற இரசாயனம்தான் தும்மலையும் கடியையும் மூக்கடைப்பையும் தருகிறது.

தும்மலுக்கு மாத்திரை கேட்டு வருபவரை இப்படி நிறுத்திவைத்து விசாரிப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் 2016 நவம்பர் 21 மாலை இடிமழை ஆஸ்துமா இந்த நகரத்தில் செய்ததைப் படித்த பிறகு, விசாரிக்காமல் மாத்திரையைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அந்த மாலையை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து வந்த நம் ஆட்களுக்கு அதில் தனியான பங்கு இருக்கிறது.

அன்று நடந்தது

அந்த வருட வசந்தம் மழை மிகுந்தது. மழை நன்றாகப் பெய்தால் புல் நன்றாக வளரும். மெல்பேர்ணுக்கு மேற்கேயும் வடக்கேயும் கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம். அதில் பெரும்பகுதி ரை புல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விதைத்தது. ஒக்டோபரில் கதிர் விடத் தொடங்கி டிசெம்பர் வரை பூக்கும்.

நவம்பர் 21 ஒரு திங்கட்கிழமை. உள்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட வடகாற்று அடித்தது. வெயில் 35 பாகையைத் தொட்டது. அன்று நகரத்தில் அளந்த புல் மகரந்தம் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 100 மணிகளுக்கு மேல். இங்குள்ள கணக்கில் 50க்கு மேல் போனால் அதிகம். 100க்கு மேல் போனால் மிக மிக அதிகம். மாலை ஆறு மணியை ஒட்டி, மேற்கிலிருந்து வந்த இடிமழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று நகரத்தைக் குறுக்காகக் கடந்தது. வெப்பநிலை மளமளவென்று இறங்கியது, ஈரப்பதன் ஏறியது. நாள் முழுக்க வெந்து கிடந்த சனம் இப்படி ஒரு காற்று வந்தால் என்ன செய்யும்? கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு முற்றத்தில் வந்து நிற்கும். நான் என்றாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அவசர அழைப்புகள் குவியத் தொடங்கின. உச்சத்தில் நான்கைந்து வினாடிக்கு ஒரு அம்புலன்ஸ் அழைப்பு வந்தது. அடுத்த 30 மணித்தியாலத்தில் மூச்சுக் கோளாறோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் கூட. வழக்கமான எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆஸ்துமாவுக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் வழக்கத்தைவிட 476 பேர் கூட. 35 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். மொத்தம் 10 பேர் இறந்தார்கள்.

குண்டு வெடிக்கவில்லை, நச்சுவாயு கசியவில்லை. புல் பூத்திருந்தது, காற்று திசை மாறியது. அவ்வளவுதான் நடந்தது.

மகரந்த மணி எப்படி உடைகிறது

மழை பெய்தால் காற்று கழுவப்படும், ஒவ்வாமை குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலான நாள்களில் அது சரி. பிறகு இந்த மழை மட்டும் ஏன் எதிராக வேலை செய்தது?

ரை புல்லின் கதிரை ஒருநாள் பிடுங்கிப் பாருங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் வேண்டாம், வேறு யாரையாவது பிடுங்கச் சொல்லுங்கள். மெல்லிய தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டையான சிறு கதிர்கள் ஒட்டியிருக்கும். பூத்த நேரமென்றால் ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போன்ற காம்பில் சின்னச் சின்னப் பைகள் தொங்கும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வெளிர்மஞ்சள் பொடி புகை போல எழும். அந்தப் பொடியின் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது தூசு. மூச்சுக்குழாய்க்கோ அது பெரிய பொருள். மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும், நெஞ்சுக்குள் ஆழமாகப் போகாது. அதனால்தான் சாதாரண நாளில் தும்மலோடும் கண் கடியோடும் விடுகிறது.

அந்த மணி ஈரம் குடித்தால் வெடிக்கும். உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான மாப்பொருள் துணுக்குகள். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுபியோக்லு, மோகன் சிங், புரூஸ் நொக்ஸ் குழுவினர் 1992இல் இதைக் காட்டினார்கள்: ஒரு மணியிலிருந்து சுமார் 700 துணுக்குகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்கைவிடச் சிறியது. ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியமான புரதம் அந்தத் துணுக்குகளில்தான் இருக்கிறது. மூக்கின் காவலைத் தாண்டி நேரே நெஞ்சின் அடிவரை போகிற அளவு.

இடிமேகம் வளரும்போது கீழிருந்து காற்றை மேலே உறிஞ்சும். மகரந்தமும் சேர்ந்து ஏறும். மேலே ஈரத்தில் உடையும். பிறகு மேகத்திலிருந்து குளிர்காற்று கீழே பாய்ந்து தரையோடு தரையாகப் பரவும்போது, உடைந்தது உடையாதது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஆட்கள் மூச்சு விடும் உயரத்தில் கொண்டுவந்து கொட்டும். மணியை உடைப்பதில் மழைநீருக்கு எவ்வளவு பங்கு, ஈரக்காற்றுக்கு எவ்வளவு, மின்னலுக்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. காற்று மாறும் அந்த முன்முனைதான் ஆபத்தான நேரம் என்பதில் வாதமில்லை. மழை விழுவதற்கு முன்பே, "அப்பாடா, குளிர்ந்துவிட்டது" என்று சொல்கிற அதே நிமிடம்.

மெல்பேர்ணுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1987, 1989 நவம்பர்களில் இங்கேயே சிறிய அளவில் நடந்திருக்கிறது. 1983இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், 1994 ஜூனில் லண்டனில், 1997இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில். லண்டனில் மட்டும் 640 பேர் அவசரப் பிரிவுகளுக்குப் போனார்கள். இவ்வளவு தெரிந்திருந்தும் 2016இல் பொதுமக்களை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

யார் பாதிக்கப்பட்டார்கள்

பின்னர் வெளியான ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் 1,435 பேரிடம் விவரம் கேட்டிருக்கிறார்கள். சராசரி வயது 32. பெரும்பாலும் வயோதிபர் இல்லை, நோயாளிக் குழந்தைகள் இல்லை. வேலைக்குப் போய்வருகிற வயதினர். அவர்களில் வைத்தியர் ஆஸ்துமா என்று சொல்லி, அப்போதும் அது இருந்தவர்கள் 28 சதவீதம் மட்டுமே. பெரும்பாலோருக்கு வசந்தகாலத் தும்மல் இருந்தது. "எனக்கு ஆஸ்துமா இல்லை, கொஞ்சம் தும்மல்தான்" என்று சொல்லியிருக்கக்கூடியவர்கள்.

இரண்டாவது விஷயம் நமக்கு இன்னும் கிட்ட. ஆஸ்துமாவோடு அனுமதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் 10 சதவீதம்; முந்தைய ஆண்டுகளில் இது 1 சதவீதமாக இருந்தது. இறந்த 10 பேரில் 6 பேர் ஆசிய, இந்திய வம்சாவளியினர். தீவிர சிகிச்சைக்குப் போன 35 பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. ஆனால் தடுப்பு மருந்து இழுத்துவந்தவர்கள் 12 பேர்தான். அந்த 35 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

ஏன் நம்மவர்கள்? பரம்பரைக்கு ஒரு பங்கு இருக்கலாம். கடையில் நான் காண்பது வேறு. "வந்து மூன்று வருசமா ஒண்டுமில்லை, இப்ப ஏன் தும்முது?" என்று கேட்காத புதுக் குடும்பம் இல்லை. ஒவ்வாமை முதல் நாளே வராது. உடம்பு ஒரு மகரந்தத்தைச் சந்தித்து, அதற்கு எதிராக ஆயுதம் செய்து வைத்துக்கொள்ள ஒன்றிரண்டு பருவமாவது போகும். ரை புல் பூக்காத ஊரில் வளர்ந்தவருக்கு இங்கே வந்த பிறகுதான் அந்தக் கணக்குத் தொடங்குகிறது. ஆசியாவிலிருந்து குடிவந்தவர்களைப் பற்றி இந்த நகரத்தில் முன்பே செய்த ஆய்வுகளும், இருக்கும் வருடம் கூடக் கூட ஹே ஃபீவரும் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. டிசெம்பரில் கொழும்புக்கோ சென்னைக்கோ போனால் மூக்கு திறந்துவிடும். "ஊர்க் காத்து ஒத்துக்கொள்ளுது" என்பார்கள். உண்மைதான், அங்கே ரை புல் இல்லை.

என் ஊகமாக இன்னொன்றையும் சேர்க்கிறேன். புதிதாக வருபவர்களின் கைக்கு எட்டும் வீடு எங்கே கிடைக்கிறது? டார்நீட், மெல்டன், கிரேகிபேர்ண் போல நகரம் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடங்களில். வீட்டின் பின்வேலிக்கு அப்பால் இடுப்பளவு புல் நிற்கும்.

அதோடு, நம் வீடுகளில் ஆஸ்துமா என்ற சொல்லுக்கே பயம். "முட்டு" என்று மெதுவாகச் சொல்வார்கள். பெண் பிள்ளைக்கு என்றால் அதையும் சொல்லமாட்டார்கள். இரவில் இருமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நெஞ்சு இறுக்கம், ஒக்டோபரில் மட்டும் வரும் இளைப்பு எல்லாவற்றுக்கும் தடிமன் என்று பெயர் வைத்துவிட்டால் மருந்தும் தடிமன் மருந்தாகவே இருக்கும். அந்த மாலை வந்தவர்களில் இப்படிப் பெயர் வைக்கப்படாத ஆஸ்துமாவோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பிறகு வந்த மாற்றம்

2017 ஒக்டோபர் 1 முதல் விக்டோரியா மாநிலத்தில் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் தொடக்கம் முதல் டிசெம்பர் முடிவு வரை இயங்கும். அன்றைய புல் மகரந்த அளவையும், பலமான காற்று மாற்றத்தோடு இடிமழை வரும் சாத்தியத்தையும் சேர்த்துப் பார்த்து பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் சொல்வார்கள். மாநிலத்தின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியில் பார்க்கலாம். மகரந்தத்தை எண்ணும் நிலையங்களும் கூட்டப்பட்டன. மகரந்தம் பிடிக்கும் பொறியில் ஒட்டிய மணிகளை ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணித்தான் அந்த இலக்கம் வருகிறது.

சிவப்பு வந்தால் இடிமழை ஆஸ்துமா கட்டாயம் வரும் என்று பொருளில்லை. பல சிவப்பு நாள்கள் சும்மா போய்விடும். அதைப் பார்த்து அடுத்த சிவப்பை அலட்சியம் செய்வதுதான் எனக்குப் பயம்.

மூக்கிலிருந்து தொடங்குவது

மூக்கும் நெஞ்சும் ஒரே குழாயின் இரண்டு முனைகள். மேலே அழற்சியை அடக்கினால் கீழேயும் அமைதி. ஆகவே மருந்து தும்மல் வந்த அன்று தொடங்குவதல்ல. ஸ்டீரொயிட் மூக்கு ஸ்ப்ரே முழுப் பலன் தரச் சில நாள்கள், சிலருக்கு இரண்டு கிழமை ஆகும். செப்டெம்பர் நடுவில் தொடங்கி டிசெம்பர் வரை தினமும் அடிக்கவேண்டும். ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் திருப்பித் தருபவர்கள் உண்டு. மூக்குக்குள் மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் மருந்து இது. உடம்பு கட்ட ஊசி போடுகிறார்களே, அந்த ஸ்டீரொயிட் வேறு, இது வேறு.

போன வருடம் ஒரு அண்ணர் வெறும் போத்தலோடு வந்தார். ஒரு மாதம் அடித்தாராம், ஒன்றும் மாறவில்லை, இடையில் இரண்டு தடவை மூக்கால் இரத்தம் வேறு. "அண்ணை, ஒருக்கா எப்படி அடிக்கிறீங்கள் எண்டு காட்டுங்கோ" என்றேன். தலையைப் பின்னால் சாய்த்தார். போத்தலை நேராக மேலே பிடித்து மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து வைத்தார். அழுத்திக்கொண்டே விசையாக உறிஞ்சினார். மருந்தில் பாதி நடுச்சுவரில், மீதி தொண்டையில். மூக்குக்கு ஒன்றும் போயிருக்காது. கசப்பு மட்டும் நாக்குக்கு வந்திருக்கும்.

செய்யவேண்டியது இது. முதலில் மூக்கைச் சிந்துங்கள். தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்படி மாற்றிப் பிடித்தால் போத்தலின் நுனி தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி வெளிப்பக்கம், காதுப் பக்கம் திரும்பும். மெதுவாக, பூவை மணப்பது போல மூச்சை இழுத்தபடி அழுத்துங்கள். உறிஞ்சவேண்டாம். அந்த அண்ணர் மூன்று கிழமை கழித்து வந்து இரவில் வாயை மூடிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார். மருந்து அதே மருந்து.

மாத்திரை என்றால் செட்டிரிசின், லொராடடின், பெக்ஸோபெனடின் போன்றவை. ஊரில் பிரிட்டோன் என்று எல்லோருக்கும் தெரிந்த சின்ன மாத்திரையைச் சிலர் பெட்டியில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அது தூக்கம் தரும். அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டாதீர்கள். மூக்கை உடனே திறக்கும் ஒக்ஸிமெட்டாசொலின் ஸ்ப்ரேயை மூன்று நாளுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

வசந்தத்தில் ஒருதரமாவது இளைப்போ நெஞ்சு இறுக்கமோ வந்திருந்தால் வைத்தியரிடம் போய் மூச்சுப் பரிசோதனை கேளுங்கள். ஆஸ்துமா என்றால் தடுப்பு பம்ப் தருவார். அதைச் சுகமாக இருக்கிற நாளிலும் இழுக்கவேண்டும். சனம் தடுமாறும் இடம் இதுதான். மூச்சு முட்டும்போது இழுக்கும் நீல பம்ப் உடனே மூச்சைத் திறக்கிறது, அதனால் அதுதான் மருந்து என்று நினைக்கிறார்கள். அது கதவைத் திறந்துவிடும். உள்ளே எரிகிற நெருப்பை அணைக்காது.

வருடா வருடம் மோசமாகிறவர்களுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை இருக்கிறது. புல் மகரந்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. 1911இலேயே லண்டனில் லெனார்ட் நூன் இதைச் செய்து காட்டினார். இப்போது நாக்குக்குக் கீழ் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி மூன்று வருடம் தொடரவேண்டும், செலவும் கூட. ஆனால் 2016இல் இந்தச் சிகிச்சையை எடுத்திருந்தவர்களுக்கு அந்த மாலை பாதுகாப்பு இருந்ததாக மெல்பேர்ண் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வசதி இருப்பவர்கள் ஒவ்வாமை நிபுணரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சிவப்பு நாளில்

இடிமழை வருவதற்கு முன்னரே வீட்டுக்குள் போய் யன்னலைச் சாத்துங்கள். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கூரைமேல் இருக்கும் தண்ணீர்க் குளிரூட்டி வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற வகை. அதை நிறுத்துங்கள். யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு அதை ஓடவிட்டால் சாத்தியதில் பலனில்லை. காரில் உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். அன்று புல் வெட்டவேண்டாம்.

நீல பம்ப் இங்கே மருந்துச் சீட்டு இல்லாமலும் கிடைக்கும். மருந்தாளரிடம் கேட்டால் போதும். யாருக்காவது மூச்சு முட்டினால், அவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு நிற்கவேண்டாம். நிமிர்த்தி இருத்துங்கள், படுக்கவைக்காதீர்கள். நீல பம்ப்பில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி ஒரு அழுத்து, நான்கு மூச்சு. மறுபடி ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்து. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். பேசமுடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ நான்கு நிமிடம் காத்திருக்கவேண்டாம், முதலிலேயே 000.

பகலில் பேரப்பிள்ளையோடு தனியாக வீட்டில் இருக்கும் அம்மாக்கள் நம்மில் நிறையப் பேர். ஆங்கிலம் வராது என்று அந்த எண்ணை அழைக்கவே பயப்படுவார்கள். அவர்களுக்கு இரண்டு சொல் போதும். முதலில் "அம்புலன்ஸ்". மறுமுனையில் ஏதாவது கேட்டால் "தமிழ்". மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், அதுவரை தொலைபேசியை வைக்கக் கூடாது. ஒவ்வொரு செப்டெம்பரும் இதைச் சின்னத் துண்டில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி ஸ்ப்ரே வாங்க வருபவர்களிடம் கொடுக்கிறேன். வீட்டு விலாசத்தையும் அதற்குக் கீழே எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அம்மாவின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு அவரை ஒருதரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.